குரலைத் தேடி இறங்கிய மாண்டலின்

மாண்டலினுக்குத் தந்திகள் எட்டு. இரண்டிரண்டாகச் சேர்த்து நான்கு ஜோடி. நேப்பிள்ஸ் நகரத்துக் கருவி செய்வோர் 18-ஆம் நூற்றாண்டில் நிலைநிறுத்திய அமைப்பு அது. ஆனால் மயிலாப்பூரிலும் தி. நகரிலும் சபா மேடைகளில் நாற்பது ஆண்டுகளாக நாம் பார்த்துப் பழகிய மாண்டலினில் இருப்பவை ஐந்தே தந்திகள், அதுவும் ஒற்றையாக. எட்டு ஐந்தானது சென்னை ரசிகர்களுக்கு ஓரளவு தெரிந்த கதை. எட்டையும் வைத்துக்கொண்டு, சுருதியை மட்டும் ஒரு ஸ்தாயி கீழே இறக்கிய கருவி ஒன்றும் உண்டு. அதன் பெயர் ஆக்டேவ் மாண்டலின். மேற்கே நாட்டுப்பாடல் வாசிப்பவர்கள் கையில் அது சகஜம்; நம் ஊரில் இன்னும் அரிது. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், மாண்டலின் சென்னைக்கு வந்த நாளிலிருந்து எதைத் தேடிக்கொண்டிருக்கிறது என்பது விளங்கும். அது தேடுவது குரலை.

அன்று: மெல்லிசைக் குழுவின் பிள்ளை

எழுபதுகளில் மாண்டலின் என்றால் சினிமாப் பாட்டு. கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில், வயலின் கூட்டத்துக்கு ஒரு பக்கம் கிட்டார்காரரோடு மாண்டலின்காரரும் உட்கார்ந்திருப்பார். காதல் பாட்டின் இடையிசையில் நாலு வரி வாசிப்பார். கல்யாண மண்டபங்களில் பாடும் மெல்லிசைக் குழுக்களிலும் அதற்கு ஓர் இடம் உண்டு. கச்சேரி கேட்பவர்கள் அதைக் கருவியாக மதித்தார்களே தவிர, வாத்தியமாக மதிக்கவில்லை.

அப்படி ஒரு மெல்லிசைக் குழு நடத்தியவர்தான் ஆந்திரத்தின் பாலகொல்லுவைச் சேர்ந்த சத்யநாராயணா. வீட்டில் இருந்த அவருடைய மாண்டலினை எடுத்து வாசிக்கத் தொடங்கினான் ஆறு வயது மகன். 1969 பிப்ரவரி 28 அன்று பிறந்த அந்தப் பிள்ளைதான் பிற்பாடு ‘மாண்டலின்’ என்பதை முன்பெயராகவே சுமந்த யு. ஸ்ரீநிவாஸ். மகனின் விரலைப் பார்த்த தகப்பனார், தமக்குக் கற்றுக்கொடுத்த ருத்ரராஜு சுப்பராஜுவிடமே அவனையும் ஒப்படைத்தார். சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர்.

இந்தக் கதையில் எல்லாரும் வேகமாகக் கடந்துபோகும் இடம் ஒன்று உண்டு. சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் அதைக் கேட்டுத் தந்தியில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். எந்த விரலை எந்த மெட்டில் வைப்பது, ஜாருவை மேலிருந்து இறக்குவதா கீழிருந்து ஏற்றுவதா, மீட்டும் வில்லையின் தட்டு எங்கே விழ வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஆளில்லை. காதில் விழுந்தது பாட்டு மட்டுமே. பார்த்துக் காப்பியடிக்க முன்மாதிரி இல்லாததே அந்தப் பையனுக்கு வாய்த்த பெரிய பாக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. மாண்டலின்காரரிடம் கற்றிருந்தால் அவர் மாண்டலினைக் கற்றிருப்பார். பாடகரிடம் கற்றதால் ராகத்தைக் கற்றார்.

1978-இல் குடிவாடாவில் தியாகராஜ ஆராதனை விழாவில் முதல் கச்சேரி. 1981 டிசம்பர் சீசனில் சென்னையில், இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி மேடையில். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது நிறைந்து, பதின்மூன்றை நெருங்குகிற தறுவாய். அதே சீசனுக்கு வந்திருந்த பெரியவர்களின் பட்டியலை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு நடுவே அரை நிஜார் வயதுப் பையன், அதுவும் சினிமாக் கருவியோடு. ‘இதில் கமகம் வருமா?’ என்பதுதான் அன்றைய மயிலாப்பூரின் கேள்வி. சும்மா கேட்ட கேள்வி இல்லை அது. கமகம் வராது, சுரங்களை வளைக்க முடியாது என்ற காரணத்தை முன்வைத்து 1940-இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தை வெளியே தள்ளிய நாடு இது. அந்தத் தடை தளரவே 1971 ஆயிற்று.

எட்டு ஏன் ஐந்தாயிற்று

கமகம் வருமா என்ற கேள்விக்கு எட்டுத் தந்தி மாண்டலின் சொல்லும் நேர்மையான பதில், ‘கஷ்டம்’ என்பதே. காரணம் அதன் உடம்பிலேயே இருக்கிறது.

சாதாரண மாண்டலினில் குதிரையிலிருந்து தலைப்பக்கத்து மேட்டுவரை தந்தியின் நீளம் ஏறக்குறைய 14 அங்குலம். குட்டைத் தந்தி, உயர்ந்த சுருதி, முறுக்கான இழுவிசை. தட்டியவுடன் ஒலி பளீரென்று எழுந்து சட்டென்று அணைந்துவிடும். அதை ஈடுகட்டத்தான் இத்தாலியர்கள் ஒரே சுரத்தை விடாமல் படபடவென்று தட்டும் முறையை வளர்த்தார்கள். ஒலி கனக்க வேண்டுமென்று தந்திகளை ஜோடியாக்கினார்கள். கேட்க அழகு. ஆனால் தோடியின் காந்தாரத்தை அசைக்க இது உதவாது. ஜோடித் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் இரண்டும் ஒரே அளவு ஏற வேண்டும். ஒன்று சற்று முந்தினாலும் சுரம் இரண்டாகப் பிளக்கும். ஆலாபனை நடுவே அப்படிப் பிளந்தால் முன்வரிசையில் இருப்பவர் உதட்டைப் பிதுக்குவார்.

ஸ்ரீநிவாஸ் செய்தது மூன்று காரியம். மரப்பெட்டி மாண்டலினை விட்டு மின்சார மாண்டலினுக்கு மாறினார். தந்தி அதிர்வதைப் பிக்கப் பிடித்துப் பெருக்குவதால் சுரம் அணையாமல் நின்றது. ஜோடியைக் கலைத்து ஒற்றையாக்கினார்; ஒரே தந்தியானதால் இழுக்கவும் வழுக்கவும் வாகாயிற்று. மந்திர ஸ்தாயிக்கு இறங்க ஐந்தாவது தந்தியைச் சேர்த்தார். ஐந்து தந்தி மின்சார மாண்டலின் உலகத்துக்குப் புதிது அல்ல. அமெரிக்காவில் டைனி மூர் என்ற கலைஞருக்காகப் பால் பிக்ஸ்பி 1952-இலேயே ஒன்று செய்து கொடுத்திருக்கிறார். அங்கே அது நடன மண்டபத்துச் சத்தத்துக்கு ஈடுகொடுக்க. இங்கே அது பைரவிக்கு.

பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். 1983-இல் பெர்லின் ஜாஸ் விழா, 1998-இல் பத்மஸ்ரீ, ஜான் மக்லாஃப்லின், ஜாகிர் ஹுசைனோடு ‘ரிமெம்பர் சக்தி’. 2014 செப்டம்பர் 19 அன்று 45 வயதில் சென்னையிலேயே மறைந்தார். இந்தக் காலத்துக்குள் மாண்டலின் சபாவின் முறையான வாத்தியமாகிவிட்டது. கமகம் வருமா என்று இன்று யாரும் கேட்பதில்லை. அந்த வழக்கு முடிந்துவிட்டது.

சுருதி சேர்ப்பது: அன்று காது, இன்று விளக்கு

ஒரு கருவியின் காலம் மாறியிருப்பதை வாசிப்பில் பார்ப்பதைவிட, வாசிப்புக்கு முந்தைய ஐந்து நிமிடத்தில் பார்ப்பது சுலபம்.

அன்றைக்குத் திரை விலகும் முன்பே சுருதி சேர்ப்பது கேட்கத் தொடங்கிவிடும். தம்புராக்காரர் பிரடையைத் திருகி, ஜீவாளி நூலை நகர்த்தி, தந்தி ரீங்கரிக்கும் இடத்தைப் பிடிப்பார். அதன் மேல் வித்துவான் சேர்ப்பார். அதன் மேல் வயலின். மிருதங்கக்காரர் கல்லால் வார்களைத் தட்டுவார். அந்தச் சில நிமிடங்களில் சபையின் காதும் சேர்ந்து சுருதியில் உட்கார்ந்துவிடும். பெங்களூருவைச் சேர்ந்த பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் 1979-இல் மின்னணுத் தம்புராவைக் கொண்டுவந்த பிறகு, தம்புராவைத் தூக்கி வரும் சிஷ்யப்பிள்ளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வேலை குறைந்தது. இன்று அந்தப் பெட்டியும் தேவையில்லை. கைப்பேசியில் ஒரு செயலி. எத்தனை கட்டை என்று தொட்டால் போதும்.

தந்தி வாத்தியக்காரருக்கு இன்னொரு சாமான் வந்துவிட்டது. கருவியின் தலையில் கவ்விக்கொள்ளும் டியூனர். மரத்தின் அதிர்வை வாங்கி, சரியாக இருந்தால் பச்சை விளக்கு காட்டும். மாண்டலின்காரர் மேடைக்குப் பின்னாலேயே ஒலியை அணைத்துவிட்டுச் சேர்த்துக்கொண்டு வந்து உட்காரலாம். அடுத்த கச்சேரிக்காரர் வாசலில் காத்திருக்கும் நாளில் இது பெரிய உபகாரம்தான். குளிரூட்டிய அரங்கத்தில், மேடை விளக்குச் சூட்டில் தந்தியும் மரமும் ஆளுக்கொரு பக்கம் போகும்போது, பாட்டு நடுவே ஒரு நொடியில் சரிபார்க்கலாம்.

விளக்கை நம்பலாமா என்று கேட்பவர்களுக்குக் கணக்கில் பதில் உண்டு. டியூனர் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்த கணக்கில் ஓடுகிறது. சட்ஜத்துக்குப் பஞ்சமம் அதில் 700 சென்ட். தம்புராவில் காது கேட்கும் இயற்கைப் பஞ்சமம் 702. அந்த இரண்டு சென்ட்டைப் பிடிக்கிற காது அபூர்வம். ஆனால் அந்தர காந்தாரம்? விளக்கின் கணக்கில் 400. தம்புராவின் நாதத்துக்குள் தானாக ஒலிக்கும் காந்தாரம் 386. பதினான்கு சென்ட் இடைவெளி, காது பழகியவருக்கு உறுத்தும். ஆக, திறந்த தந்திகளைச் சட்ஜ பஞ்சமத்தில் சேர்க்கிறவரை விளக்கு நல்ல வேலைக்காரன். அதற்குப் பிறகு விரல் எங்கே நிற்கிறது என்பதற்கு அது ஜவாப்தாரி ஆகாது.

வீணைக்கு இந்தச் சங்கடம் இல்லை. அதன் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்தவை. மேளம் கட்டுகிறவர் காதால் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு மெட்டையும் நகர்த்தி வைப்பார். மாண்டலினின் மெட்டுகள் தொழிற்சாலையில் அளந்து, மரத்தில் அறைந்து வருபவை. அறைந்த மெட்டின் மேல் அசையும் காந்தாரத்தை வாசிக்க வேண்டுமானால், இழுப்பிலும் வழுக்கலிலும் அந்தப் பதினான்கு சென்ட்டை விரல்தான் கரைக்க வேண்டும். அந்த விரலுக்கு எங்கே போக வேண்டும் என்று சொல்வது பாட்டு. சுப்பராஜு பாடிக் காட்டியதன் பொருள் இதுதான்.

இன்று: முன்னால் ஒரு திரை

பாடம் நடக்கும் விதமும் மாறிவிட்டது. ஸ்ரீநிவாஸ் தாமே பல பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவருடைய தம்பி யு. ராஜேஷ், சீடர் அரவிந்த் பார்கவ் போன்றவர்கள் மேடையில் இருக்கிறார்கள். யு. பி. ராஜு, நாகமணி தம்பதி ஜோடியாக வாசித்து இதற்கு இன்னொரு முகம் கொடுத்தார்கள். அடையாற்றில் அடுக்குமாடி வீட்டின் ஒரு அறையில் உட்கார்ந்து, கணினித் திரையில் நியூ ஜெர்சிப் பிள்ளைக்கு வர்ணம் சொல்லிக்கொடுப்பது இன்று ஆச்சரியமான காட்சி அல்ல. அங்கே காலை என்றால் இங்கே ராத்திரி, அவ்வளவுதான் அசௌகரியம்.

இணையத்தில் ஸ்ரீநிவாஸின் கச்சேரிகள் கொட்டிக் கிடக்கின்றன. வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் பார்க்கலாம், ஒரே சங்கதியை நூறு தடவை ஓட்டலாம். எழுபதுகளின் பாலகொல்லுப் பையனுக்குக் கனவிலும் கிடைக்காத வசதி. அவனுக்கு முன்னால் பாட்டு இருந்தது, வாசிப்பு இல்லை. இன்றைய பிள்ளைக்கு முன்னால் வாசிப்பு இருக்கிறது. பாட்டு இருக்கிறதா என்று கேட்க வேண்டியிருக்கிறது. விரலைப் பார்த்து விரல் கற்றால் வேகம் வரும். ஸ்ரீநிவாஸின் வேகம் பாதி வயதில் வந்துவிடும். அவருடைய நிதானம், விளம்ப காலத்தில் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்துகிற அந்தத் தெம்பு, பார்த்து வருவதில்லை. பாடிப் பார்த்துத்தான் வரும்.

இங்கே ஒரு தொழில்நுட்பச் சிக்கல் இருக்கிறது. பாடிக்கொண்டே வாசி என்று ஆசிரியர் சொல்லலாம். சாதாரண மாண்டலினில் ஆண்பிள்ளைகளுக்கு அது முடியாது, ஏனென்றால் கருவி அவர்கள் குரலில் இல்லை. மாண்டலினின் மிகத் தாழ்ந்த தந்தி ஜி, 196 ஹெர்ட்ஸ். ஒரு கட்டையில் பாடும் ஆண் குரலின் சட்ஜம் ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ். அதாவது அவர் சட்ஜம் பாடும்போது, கருவியின் அடித்தட்டுத் தந்தியே அவருடைய பஞ்சமத்தில்தான் தொடங்குகிறது. அவர் கீழே பாட, விரல் மேலே வாசிக்கும். ஐந்தாவது தந்தி இந்தப் பள்ளத்தைக் கொஞ்சம் நிரப்பியது. முழுக்க நிரப்பக்கூடியது ஆக்டேவ் மாண்டலின்.

ஒரு ஸ்தாயி கீழே

ஆக்டேவ் மாண்டலினில் தந்தியின் நீளம் பெரும்பாலும் 19 முதல் 23 அங்குலம். அயர்லாந்துக்காரர்கள் அறுபதுகளின் பிற்பகுதியில் கிரேக்க பூசூக்கியைத் தத்தெடுத்து வளர்த்த அயரிஷ் பூசூக்கி அதற்கு அண்ணன், இன்னும் நீளம். பிரிட்டனில் இதையே ஆக்டேவ் மாண்டோலா என்றும் அழைக்கிறார்கள். நம் திரையிசையிலும் இந்தக் குடும்பம் ஏற்கெனவே நுழைந்திருக்கிறது. மாண்டலின், பூசூக்கி, சாஸ் என்று பலவற்றையும் வாசிக்கும் தபஸ் ராயின் கைவண்ணத்தைப் பெயர் தெரியாமலே பலர் கேட்டிருப்பார்கள். ஒரு காலத்தில் கோடம்பாக்கத்தில் மாண்டலின்காரர் மாண்டலின் மட்டும் வாசித்தார். இன்று ஒரே கலைஞர் பத்து நரம்புக் கருவிகளோடு வருகிறார்.

இதன் நான்கு ஜோடிகளும் மாண்டலினைப் போலவே ஜி, டி, ஏ, ஈ. ஒவ்வொன்றும் சரியாக ஒரு ஸ்தாயி கீழே. 98, 147, 220, 330 ஹெர்ட்ஸ் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். மேலைநாட்டு மெட்டுகளுக்கு இதுவே போதும். கர்நாடக சங்கீதத்துக்குத் திறந்த தந்திகள் சட்ஜமும் பஞ்சமமுமாக இருப்பது நல்லது. வயலினை நம்மவர்கள் ச-ப-ச-ப என்று மாற்றிச் சேர்த்தது இதற்காகத்தான். சென்னையில் வழங்கும் கட்டைக் கணக்கில் இதைப் பார்ப்போம்.

இரண்டு கட்டை, அதாவது டி சட்ஜம். ஆக்டேவ் மாண்டலினுக்கு இதைவிட வாகான சுருதி கிடையாது. நடுவில் இருக்கும் டி, ஏ இரண்டும் தொடாமலே சட்ஜம், பஞ்சமம் ஆகிவிடுகின்றன. அடி ஜி-யை ஒரு முழுச் சுரம் ஏற்றி ஏ ஆக்கினால் மந்திர பஞ்சமம். மேல் ஈ-யை ஒரு முழுச் சுரம் இறக்கி டி ஆக்கினால் மேல் சட்ஜம். ப-ச-ப-ச. கவனம் ஒன்று: இழுவிசை சுருதியின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஜி-யை ஏ-க்கு ஏற்றினால் இழுவிசை கால்பங்குக்கு மேல் கூடும். அதே தந்தியை வைத்து முறுக்கினால் அறுந்து கன்னத்தில் அடிக்கலாம், கழுத்து வளையலாம். ஒரு படி மெல்லிய தந்தி போட்டுவிடுவது உத்தமம். மேல் தந்தி தளர்வதால் அதற்குப் பயம் இல்லை. இழுப்புக்கு இன்னும் இலகு.

ஐந்து கட்டைக்கு, அதாவது பெரும்பாலான பெண் குரல்களின் பக்கத்துக்கு வந்தால் ஜி சட்ஜம். அடியிலிருக்கும் ஜி, டி அப்படியே ச-ப. ஏ-யை ஜி-க்கும், ஈ-யை டி-க்கும் இறக்கினால் மீண்டும் ச-ப. ஏற்ற வேண்டியது ஒன்றுமில்லை, இறக்குவது மட்டுமே. ஒரு கட்டைக்கு, சி சட்ஜத்துக்கு, ஜி அப்படியே நிற்க, டி-யைச் சி ஆக்கி, ஏ-யை ஜி ஆக்கி, ஈ-யைச் சி வரை இறக்க வேண்டும். கடைசித் தந்தி இரண்டு முழுச் சுரம் இறங்குவதால் தொளதொளத்துவிடும். அதற்கு மட்டும் ஒரு படி கனத்த தந்தி வேண்டும்.

சேர்க்கும் முறைக்கு விளக்கு இல்லாமலும் வழி இருக்கிறது, கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு அதுவே நல்லது. சட்ஜத் தந்தியில் ஜோடியில் ஒன்றைத் துணித்துண்டால் அடைத்துவிட்டு மற்றதைத் தம்புராவோடு சேர்க்க வேண்டும். கீழிருந்து மேலே ஏற்றிச் சேர்ப்பதே முறை. மேலிருந்து இறக்கினால் பிரடைப் பல்லில் இருக்கும் தொய்வு வாசிக்கும்போது வெளிப்பட்டு சுருதி வழியும். பிறகு துணியை எடுத்து இரண்டாம் தந்தியை முதலாவதோடு சேர்ப்பது. இரண்டும் கொஞ்சம் விலகியிருந்தால் ஒலி அலையலையாக ஏறி இறங்கும். ஒன்று 220, மற்றது 221 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு ஓர் அலை. சுருதி நெருங்க நெருங்க அலை நீண்டு நீண்டு, ஒரு கட்டத்தில் நின்றுவிடும். காது பயிற்சிக்கு இதைவிடச் சிறந்த பாடம் இல்லை. ஜோடி சேர்ந்ததும் அடுத்த ஜோடி: சட்ஜத் தந்தியின் ஏழாவது மெட்டு பஞ்சமம், பஞ்சமத் தந்தியின் ஐந்தாவது மெட்டு மேல் சட்ஜம். கடைசியாகப் பன்னிரண்டாம் மெட்டை அழுத்தியும், அதன் மேல் விரலைத் தொட்டு மட்டும் வாசித்தும் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் குதிரையை நூலளவு நகர்த்த வேண்டும். தந்தியின் பருமனை மாற்றினால் குதிரையையும் பார்த்தே ஆகவேண்டும்.

சென்னைக்கென்று சில தொல்லைகளும் உண்டு. பெசன்ட் நகர், அடையாறு பக்கம் உப்புக்காற்று எஃகுத் தந்தியைச் சீக்கிரம் அரிக்கும். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு தந்தியையும் துடைக்காவிட்டால் மாதத்துக்குள் சொரசொரவென்று ஆகிவிடும். தந்தி கிடைப்பதும் வேறு மாதிரி. 1842-இல் தொடங்கிய மிஸ்க்வித் கம்பெனியின் வாரிசான அண்ணா சாலை மியூசி மியூசிக்கல் போன்ற பழைய கடைகளில் பியானோவும் கிட்டாரும் வாங்கிய தலைமுறைகள் இருக்கின்றன. ஆக்டேவ் மாண்டலின் தந்தி என்று போய்க் கேட்பவர் மிகச் சிலர். கிட்டார்த் தந்தியில் சமாளிக்கலாம். கிட்டார்த் தந்தியின் முனையில் குண்டு இருக்கும், மாண்டலின் வகைக்கு முனையில் வளையம் வேண்டும். குண்டைக் குறட்டால் உடைத்து எடுத்தால் வளையம் மிஞ்சும். கண்ணைக் காத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை.

ஜோடித் தந்தியில் கமகம் பிளக்கும் என்று முன்பு சொன்னேன். ஆக்டேவ் மாண்டலினும் ஜோடிதானே? உண்மை. அதனால் இழுப்பைக் குறைத்து வழுக்கலைக் கூட்ட வேண்டியிருக்கும். அல்லது மேல் இரண்டு ஜோடிகளில் ஒவ்வொரு தந்தியைக் கழற்றிவிட்டு, ராகத்தின் வேலையை ஒற்றைத் தந்தியிலும், நாதத்தின் கனத்தை அடி ஜோடிகளிலும் வைத்துக்கொள்ளலாம். ஸ்ரீநிவாஸ் காட்டிய வழியின் பாதியை எடுத்துக்கொள்வது அது. இதைக் கச்சேரிக் கருவியாக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. மின்சாரமில்லாத மரப்பெட்டியில், பாடத்துக்கும் சாதகத்துக்கும் இதன் இடம் தெளிவாக இருக்கிறது.

வயலின் வென்றது எதனால்

வெளியிலிருந்து வந்த கருவிகளில் கர்நாடக சங்கீதம் முழுதாகத் தன்னுடையதாக்கிக்கொண்டது வயலினை. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், 1786-இல் பிறந்தவர், நம் மணலியிலேயே ஐரோப்பியரிடம் அதைக் கற்றார் என்பது மரபு. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்குச் சுவாதித் திருநாள் 1834-இல் தந்தத்தில் ஒரு வயலின் கொடுத்தார். அங்கிருந்து நூறாண்டுக்குள் அது இல்லாமல் கச்சேரி இல்லை என்றாயிற்று.

அதற்குக் காரணம் வயலினின் நாதம் மட்டும் அல்ல. அது பக்கவாத்தியமாக உள்ளே வந்தது. பாட்டுக்காரர் பாடினால் பின்னாலேயே வர வேண்டும். வந்து வந்து குரலின் ஒவ்வொரு வளைவையும் அது கற்றது. தவிரவும், சென்னையில் மார்கழியில் ஒரு நாளில் எத்தனை பாட்டுக் கச்சேரியோ அத்தனை வயலின் தேவை. வயலின் கற்றால் சோறு உண்டு என்பதால் பிள்ளைகள் கற்றார்கள்.

மாண்டலின் தனி வாத்தியமாக வந்தது. கதிரி கோபால்நாத்தின் சாக்சபோனும் ஏ. கே. சி. நடராஜனின் கிளாரினெட்டும் அப்படித்தான் வந்தன. ஆனால் அவற்றுக்கு நாகஸ்வரம் என்ற தாய்வீடு இருந்தது. மாண்டலினுக்குத் தாய்வீடும் இல்லை, பக்கவாத்திய வேலையும் இல்லை. ஒரு மேதையின் தோளில் ஏறி நேராக மேடையின் நடுவில் வந்து உட்கார்ந்தது. பத்தாண்டில் வயலினின் நூறாண்டைக் கடந்தது. அந்த வேகத்துக்கு விலை உண்டு. தனி வாத்தியத்துக்குக் கேட்பவர் கூட வேண்டுமானால், வாசிப்பவர் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பெரிய கலைஞராக வேண்டும். நடுத்தரமாக வாசித்து நாற்பது வருஷம் கௌரவமாக வாழ வயலின்காரருக்கு முடியும், மாண்டலின்காரருக்கு முடியாது. இன்று மாண்டலின் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் வயலின் வகுப்பைவிடக் குறைவாக இருப்பதற்கு, ரசனை மாறியது என்பதைவிட இந்தக் கணக்கே எனக்குப் பொருத்தமான காரணமாகப் படுகிறது.

ஆகவே அன்றைய கேள்வி ‘இதில் கமகம் வருமா?’ என்றால், இன்றைய கேள்வி ‘இதற்கு வேலை வருமா?’ என்பது. முதல் கேள்விக்கு ஒரே ஆள் பதில் சொல்லிவிட்டார். இரண்டாவதற்குப் பல பேர் சேர்ந்துதான் சொல்ல முடியும். ஆக்டேவ் மாண்டலின் அதில் ஒரு சிறிய உதவி செய்யக்கூடும். குரலின் இடத்திலேயே அது ஒலிக்கிறது. பாடும் பிள்ளைக்கு அடியில் சட்ஜ பஞ்சமத்தை நிறுத்திக்கொடுக்கும். கீதம், வர்ணம் வரை கூடவே வரும். வயலின்காரர் வர முடியாத பக்கத்து வீட்டு நவராத்திரிக்கும், மாடிவீட்டு பஜனைக்கும், நாட்டிய வகுப்புக்கும் அதை எடுத்துப் போகலாம்; ஒலிபெருக்கிப் பெட்டியும் மின்சாரமும் வேண்டாம். அங்கே பாட்டின் பின்னால் போய்ப் பழகிய கை, பிற்பாடு ஐந்து தந்தி மின்சார மாண்டலினை எடுத்தால், அதற்குப் பார்த்துக் கற்க ஒரு ஸ்ரீநிவாஸ் மட்டுமே தேவைப்படாது.

மாண்டலின் கற்க வரும் பிள்ளையிடம் ஆசிரியர் முதல் பாடமாகக் கருவியை மூடி வைக்கச் சொல்லலாம். மாயாமாளவகௌளையைப் பாடச் சொல்லலாம். பிறகு, அந்தக் குரலின் சட்ஜத்துக்குத் தந்தியைச் சேர்க்கச் சொல்லலாம், விளக்கை அணைத்துவிட்டு. சுப்பராஜுவுக்கு மாண்டலின் தெரியாததால் தானாக நடந்ததை, தெரிந்தவர்கள் இனி வேண்டுமென்றே செய்ய வேண்டியிருக்கிறது.